கும்பப்பூவில் இலையுறைக் கருகல்: மரபணு அமைதியாக்கம் நாஞ்சில் நாட்டு வயலில் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும்

வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய கும்பப்பூ நெல் நடவு முடிந்து 40, 45 நாள் ஆகும்போது தேரூர், சுசீந்திரம், பூதப்பாண்டிப் பக்கத்து ஏலாக்களில் (வயல்வெளிகளில்) வரப்போரத் தூர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்தை ஒட்டி, இலையுறையில் சாம்பல் கலந்த பச்சையில் நீள்வட்டப் புள்ளிகள் தெரியும். ஓரிரு நாளில் புள்ளியின் நடுப்பகுதி வெளிறி, ஓரம் பழுப்பாகும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலே ஏறும். கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை வரை ஏறிவிட்டால் கதிர் முழுதாக வெளிவராது, அடிமணிகள் பதராகும். நோய் இலையுறைக் கருகல். காரணம் ரைசோக்டோனியா சொலானி என்னும் பூஞ்சணம், அதில் ஏஜி1-ஐஏ என்ற பிரிவு.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு ஒரு தனி விவசாயியின் வயல் அல்ல. குளத்துப் பாசனத்தில், அம்பை 16 அல்லது டிபிஎஸ் 5 இரக நெல்லை நட்டு, வயல் விட்டு வயல் தண்ணீர் பாயும் ஒரு வழக்கமான நாஞ்சில் நாட்டு ஏலா. அங்கே ஈரிழை ஆர்.என்.ஏ.-வை (இரண்டு இழை சேர்ந்தது, குறித்த ஒரு மரபணுவை வேலை செய்யாமல் அமைதியாக்க வல்லது) தெளித்தோ, அதைத் தானே உருவாக்கும் நெல்லை நட்டோ இந்தப் பூஞ்சணத்தை அடக்க முடியுமா என்பதே கேள்வி. இதைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதி ‘எந்த மரபணுவை அடக்குவது’ என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. மருந்து இலையுறையின் அடிப்பகுதியைத் தொடுமா, தொட்ட பிறகு வடகிழக்குப் பருவமழையில் எத்தனை நாள் தங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

பூஞ்சணமும் வயலும்

ரைசோக்டோனியா சொலானி காற்றில் பறக்கும் வித்துகளை நம்பிப் பிழைப்பதில்லை. பழுப்பு நிறத்தில் கடுகளவும் அதற்குச் சற்று மேலும் இருக்கும் இழைமுடிச்சுகளாக மண்ணில் கிடக்கும். நடவுக்கு முன் தொளி (சேறு) கலக்கும்போது அவை மிதந்து, காற்று தள்ளும் பக்கத்து மூலையில் குப்பையோடு ஒதுங்கும். நட்ட பிறகு தண்ணீர் மட்டத்தில் தூரைத் தொட்டு, இலையுறைக்கும் தண்டுக்கும் இடையில் இழைகளை அனுப்பும். அதனால்தான் நோய் மூலையிலும் வரப்போரத்திலும் தொடங்குகிறது. மேல் வயலின் முடிச்சு மடை வழியே கீழ் வயலுக்கு வந்து சேர்வதும் இப்படித்தான். வரப்பில் நிற்கும் குதிரைவாலிப் புல்லும் இதற்கு வீடு கொடுக்கும்.

28 முதல் 32 டிகிரி வெப்பம், 95 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், நெருக்கி நட்ட தூர், கூடுதல் யூரியா. இந்த நான்கும் சேர்ந்தால் போதும். கன்னிப்பூவில் தென்மேற்குப் பருவமழை, கும்பப்பூவில் வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் பயிர் மூடும் காலம் மழைக்காலத்தில் விழுவது கன்னியாகுமரி மாவட்டத்தின் தனிக்கணக்கு. முழு எதிர்ப்புத்திறன் கொண்ட நெல் இரகம் இந்த நோய்க்குக் கிடையாது. இனக்கலப்பால் தீர்க்க முடியாத நோய் என்பதாலேயே மரபணு அமைதியாக்கம் இங்கே பேசப்பட வேண்டியதாகிறது.

அமைதியாக்கம் நடக்கும் விதம்

செல்லுக்குள் ஈரிழை ஆர்.என்.ஏ. நுழைந்தால் டைசர் என்னும் நொதி அதை 21 முதல் 24 எழுத்து (ஆர்.என்.ஏ.-வின் அடிப்படை அலகு) நீளத் துண்டுகளாக நறுக்கும். அத்துண்டின் ஓர் இழையை ஆர்கோநாட் என்னும் புரதம் பிடித்துக்கொள்ளும். அந்த இழைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்ய மரபணு அனுப்பும் நகல்) எதிர்ப்பட்டால் அதை வெட்டிவிடும். மரபணு அப்படியே இருக்கும், அதன் புரதம் மட்டும் உருவாகாது. புழுவில் இதை 1998-ல் காட்டிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெலோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தானியப் பயிரில் இது பூஞ்சண நோய்க்கு எதிராகப் பயன்பட்டது 2010-ல். பார்லியும் கோதுமையும் உருவாக்கிய ஈரிழை ஆர்.என்.ஏ. சாம்பல் நோய்ப் பூஞ்சணத்தின் மரபணுவை அடக்குவதை ஜெர்மனியில் காட்டினார்கள். 2013-ல் பியூசேரியம் கிராமினியேரம் என்னும் பூஞ்சணத்தின் மூன்று சிஒய்பி51 மரபணுக்களையும் ஒரே 791 எழுத்துத் துண்டால் குறிவைத்தார்கள். பூஞ்சணத்தின் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீரால் உருவாக இந்த மரபணுக்கள் தரும் நொதி வேண்டும். புரோபிகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் தாக்குவதும் இதே நொதியைத்தான். அதே துண்டை 2016-ல் செடியை மாற்றாமல், பார்லி இலையில் வெறுமனே தெளித்தார்கள். தெளிக்காத மறுபகுதியிலும் பூஞ்சணம் அடங்கியது. டைசர் நொதியை இழந்த பூஞ்சண வகையோ அந்தத் தெளிக்காத பகுதியில் அடங்கவில்லை. செடிக்குள் நகர்ந்தது பெரும்பாலும் நீளமான ஈரிழைதான், நறுக்கும் வேலை பூஞ்சணத்துக்குள் நடந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

எல்லாப் பூஞ்சணமும் இதற்கு மசியாது. மக்காச்சோளக் கரிப்பூட்டையை உண்டாக்கும் உஸ்டிலாகோ மேய்டிஸுக்கு இந்த நறுக்கும் பொறியே இல்லை. கோதுமை இலைப்புள்ளி நோயின் சைமோசெப்டோரியா ட்ரிடிசி வெளியிலிருந்து ஈரிழை ஆர்.என்.ஏ.-வை உள்ளே எடுப்பதாகத் தெரியவில்லை. மாம்பழத்தில் கரும்புள்ளி உண்டாக்கும் கொலெட்டோடிரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸும் எடுக்கவில்லை. ரைசோக்டோனியா சொலானி நன்றாகவே உறிஞ்சுகிறது என்பதை 2021-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. நெல் இலையில் நோய் குறைந்ததும் அதே ஆய்வில் பதிவானது. பூஞ்சணத்தைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குச் சாதகமான முதல் விஷயம் அது.

குறி எது

அந்த 2021 ஆய்வில் குறிவைத்தவை செல்லுக்குள் பைக்குமிழ்களைக் கடத்தும் மரபணுக்களும், செடிச் சுவரின் பெக்டினைக் கரைக்கும் பாலிகலாக்டுரோனேஸ் மரபணுக்களும். 2017-ல் இந்திய ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். நோய் உண்டாக்கத் தேவைப்படும் இரண்டு மாப் கைனேஸ் (செல்லுக்குள் சைகை கடத்தும் நொதி) மரபணுக்களுக்கான கொண்டையூசி அமைப்பை (தன்மேல் மடிந்து ஈரிழையாகும் வரிசையை) நெல்லுக்குள் செலுத்தினார்கள். நோய் தோன்றுவது தாமதமானது, பரவலும் குறைந்தது. நோயே வராத நெல் கிடைக்கவில்லை. இந்த எதிர்பார்ப்பை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வது நல்லது: அமைதியாக்கம் நோயைத் தள்ளிப்போடும், குறைக்கும்; துடைத்து எடுக்காது.

ஒரே குடும்பத்தில் பல பிரதிகள் உள்ள மரபணுவில் ஒன்றை மட்டும் அடக்கினால் மற்றவை வேலையை எடுத்துக்கொள்ளும். சுவர் கரைக்கும் நொதிகளில் இது அடிக்கடி நடக்கும். எனவே குடும்பம் முழுவதற்கும் பொதுவான பகுதியை எடுக்கவேண்டும், அல்லது இரண்டு மூன்று மரபணுக்களின் 150 முதல் 250 எழுத்துத் துண்டுகளை ஒன்றாகக் கோக்கவேண்டும். மொத்த நீளம் 300 முதல் 600 எழுத்து இருந்தால் தயாரிக்கவும் எளிது, உறிஞ்சவும் தடையில்லை.

தரவுத்தளத்தில் உள்ள வரிசையை அப்படியே நம்பி ஆர்டர் போடுவது இங்கே தவறு. இந்தப் பூஞ்சணத்தின் ஒரே செல்லில் பல உட்கருக்கள் இருக்கும், வரிசைகளும் இடத்துக்கு இடம் மாறும். திருப்பதிசாரம், தோவாளை, குளச்சல் பக்கம் என்று வெவ்வேறு பாசனங்களிலிருந்து இழைமுடிச்சுகளைப் பொறுக்கி, நுனியிழை எடுத்துத் தூய்மையாக்கி, குறித்த துண்டை வரிசைப்படுத்திய பிறகே வடிவமைப்பை முடிக்கவேண்டும். பிறகு துண்டை 21 எழுத்துகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் நெல், மனிதன், தேனீ, டிரைக்கோடெர்மா ஆகியவற்றின் வரிசைகளோடு ஒப்பிடவேண்டும். டிரைக்கோடெர்மாவை விட்டுவிடக்கூடாது. இங்கே பலர் அதை இயற்கைக் கட்டுப்பாட்டுக்காக வயலில் இடுகிறார்கள், அதையே அடக்கிவிட்டால் இலாபம் நட்டமாகும்.

தயாரிப்பில் கைநழுவும் இடங்கள்

ஆய்வகச் சோதனைக்கு, டி.என்.ஏ.-விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் டி7 பாலிமரேஸ் நொதி முறை போதும். 20 எழுத்து டி7 இயக்கி (புரோமோட்டர்) வரிசையை இரு பக்கத் தொடக்கிகளின் (பிரைமர்) முனையிலும் சேர்த்துப் பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.-வைப் பெருக்கி, பட்டையைத் தூய்மையாக்கி, 37 டிகிரியில் நான்கு மணி நேரம் முதல் இரவு முழுவதும் படியெடுக்க விடலாம். டி.என்.ஏ.-வை டிஎன்ஏஸ் கொண்டு அழித்த பிறகு 75 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, அறை வெப்பத்துக்கு மெதுவாக ஆறவிட்டால் இரு இழைகளும் சேரும்.

அடுத்து வருபவை மூன்று பொறிகள். மிச்ச ஓரிழைகளை அழிக்க ஆர்என்ஏஸ் ஏ சேர்ப்பது வழக்கம். உப்பு 0.3 மோலார் அளவிலோ மேலோ இருந்தால்தான் அது ஓரிழையை மட்டும் வெட்டும். உப்பு குறைந்தால் ஈரிழையையும் தின்றுவிடும். இரண்டாவது லித்தியம் குளோரைடு. ஓரிழை ஆர்.என்.ஏ.-வை 2 மோலாரில் படியவைத்துப் பழகிய கை, அதே அளவை இங்கேயும் போடும். ஈரிழை அந்த அளவில் கரைந்தே நிற்கும், மேல்நீரோடு கொட்டிப் போய்விடும். மூன்றாவது அளவீடு. 260 நானோமீட்டரில் ஒளியீர்ப்பு 1 என்றால் ஓரிழை மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம். ஈரிழைக்கு அது ஏறக்குறைய 45. கருவியில் ஓரிழைக் கணக்கு போட்டுவிட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் பத்தில் ஒரு பங்கு பிழை ஒட்டிக்கொண்டே வரும்.

அளவு கூடவேண்டுமென்றால் ஈரிழையை வெட்டும் ஆர்என்ஏஸ் 3 நொதி இல்லாத எச்டி115 ஈ. கோலை நுண்ணுயிர் வகையில், இரு பக்கமும் டி7 இயக்கி உள்ள எல்4440 பிளாஸ்மிடை (வட்ட டி.என்.ஏ.-வை) வைத்துப் பெருக்கலாம். அந்த நுண்ணுயிரியை உயிரோடு வயலில் தெளிப்பது மரபணு மாற்றிய உயிரியைத் திறந்தவெளியில் விடுவதற்குச் சமம். வெப்பத்தால் கொன்று, பிரித்தெடுத்த பிறகே செடிக்குப் போகவேண்டும்.

மேசையிலும் தொட்டியிலும்

முதலில் பூஞ்சணம் உறிஞ்சுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒளிரும் சாயம் ஏற்றிய ஈரிழையில் இழைகளை ஊறவைத்து, மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் சேர்த்து வெளியே ஒட்டியிருப்பதை அழித்துவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே போனது மட்டும் ஒளிரும். இந்தக் கழுவலைச் செய்யாத படங்களை நம்பவேண்டாம்.

பிறகு இலையுறைச் சோதனை. 45 நாள் பயிரின் இரண்டாவது இலையுறையை 8 முதல் 10 சென்டிமீட்டர் வெட்டி, ஈரத் தாளின் மேல் கண்ணாடி வில்லையில் வைத்து, மைக்ரோலிட்டருக்கு 20 நானோகிராம் செறிவில் தெளிக்கவேண்டும். பார்லி ஆய்வில் பயன்பட்டதும் இந்தச் செறிவே. நெல்லின் மேற்புறம் மெழுகும் சிலிக்காவும் ஆனது, வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். சிலிக்கான் வகை ஒட்டுதிரவத்தை லிட்டருக்குக் கால் மில்லி சேர்த்தால் படரும். அதிகமானால் படர்ந்தபடியே வழிந்துவிடும். துண்டு வாடாமல் இருக்கச் சிலர் பென்சிமிடசோல் சேர்ப்பார்கள். அது கார்பெண்டசிம் குடும்பத்தின் அடிக்கூறு, பூஞ்சணத்தைத் தானே சற்று அடக்கலாம். அதைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

தெளித்து 24 அல்லது 48 மணி நேரம் கழித்து, இரண்டு நாள் வளர்ந்த தட்டின் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் வட்டு எடுத்து வைத்து, 28 டிகிரியில் மூன்று நாள் வரை புள்ளியின் நீளத்தை அளக்கலாம். உருளைக்கிழங்கு ஊடகத்தில் வளர்ந்த வட்டு பூஞ்சணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. சத்து கையில் இருக்கும்வரை அமைதியாக்கத்தின் விளைவு மங்கலாகவே தெரியும். வெறும் நீர் அகாரில் எடுத்த வட்டு, அல்லது ஒற்றை இழைமுடிச்சு வைத்தும் ஒருமுறை செய்து பார்ப்பது அவசியம்.

ஒப்பீடுகளைக் குறைத்தால் முடிவுக்குப் பொருளில்லை. தாங்கல் கரைசல் மட்டும், ஒட்டுதிரவம் மட்டும், அதே நீளமுள்ள ஜிஎஃப்பி ஈரிழை (பூஞ்சணத்தில் இல்லாத ஓர் ஒளிரும் புரத மரபணுவுக்கானது), குறி ஈரிழை, ஒரு வழக்கமான பூஞ்சணக்கொல்லி என ஐந்தும் வேண்டும். ஜிஎஃப்பி ஏன்? எந்த ஈரிழையாக இருந்தாலும் செடியின் பொதுத் தற்காப்பைத் தூண்டக்கூடும் என்பது அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் 2016-லேயே காட்டப்பட்டது. ஜிஎஃப்பி தெளித்ததிலும் நோய் பாதி குறைந்திருந்தால், குறியின் பெருமை பாதிதான்.

மரபணு உண்மையில் அடங்கியதா என்று அளக்கும் இடத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். அளவீட்டுத் தொடக்கிகளைத் தெளித்த துண்டுக்குள்ளேயே அமைத்தால், இலையில் ஒட்டியிருக்கும் மருந்தே பெருகி, அடங்கிய மரபணு ஏறியதாகக் காட்டும். தொடக்கிகளில் ஒன்றாவது துண்டுக்கு வெளியே இருக்கவேண்டும். அடுத்து, நெல்லின் ஆக்டினோடு (ஏறக்குறைய ஒரே அளவில் இயங்கும் ஒப்பீட்டு மரபணு) ஒப்பிட்டால் பூஞ்சணம் குறைந்ததும் மரபணு அடங்கியதும் ஒன்றாகக் கலந்துவிடும். பூஞ்சணத்தின் சொந்த ஆக்டின் அல்லது டியூபுலினோடுதான் ஒப்பிடவேண்டும்.

வலைக்கூடத் தொட்டிச் சோதனையில் தண்ணீர் 5 சென்டிமீட்டர் நிற்கட்டும். ஒவ்வொரு சோதனைப் பிரிவுக்கும் பத்துத் தொட்டியாவது வேண்டும். அடி இலையுறைக்குள் ஒரு முடிச்சைச் செருகி, பாலித்தீன் உறை மூடி ஈரம் காக்கவேண்டும். 7, 14, 21-ஆம் நாளில் புள்ளி ஏறிய உயரத்தைச் செடி உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சார்பு உயரம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய அளவுகோலில் 20 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மதிப்பு 1. 65-க்கு மேல் என்றால் 9. தொட்டிகளில் பாதிக்குத் தெளித்த மறுநாள் பூவாளியால் மழை போலத் தண்ணீர் விடவேண்டும். கும்பப்பூவுக்கான சோதனையில் இந்தப் பாதியின் முடிவுதான் கணக்கு.

வயலுக்கு வந்தால்

கணக்கைப் போடுவோம். 20 நானோகிராம் செறிவு என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் கைத்தெளிப்பானில் போனால் 4 கிராம். ஆய்வகக் கிட்டில் ஒரு 20 மைக்ரோலிட்டர் வினை தருவது 50 முதல் 100 மைக்ரோகிராம். ஓர் ஏக்கருக்கு 40,000-லிருந்து 80,000 வினைகள் வேண்டும். எனவே வயல் சோதனை என்பது பெருமளவு நுண்ணுயிர் வளர்ப்போ செல் இல்லா உற்பத்தியோ கைக்கு வந்த பிறகு பேசவேண்டியது. உற்பத்தியே முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான லெட்புரோனா என்னும் தெளிப்பு ஈரிழை ஆர்.என்.ஏ.-வுக்கு 2023 டிசம்பரில் பதிவு கிடைத்தது. வண்டு இலையைத் தின்கிறது, மருந்து தானாக வயிற்றுக்குள் போகிறது. நம் பூஞ்சணம் அப்படி வாய் வைப்பதில்லை.

இலையுறைதான் இடைஞ்சல். 45 நாளில் பயிர் மூடிவிடும். மேலிருந்து தெளிக்கும் துளியில் பெரும்பங்கு மேல் இலைகளிலேயே நின்றுவிடும், நோயோ தண்ணீர் மட்டத்தில் இருக்கும். ட்ரோன் இதை இன்னும் மோசமாக்கும். ஏக்கருக்குப் பத்து லிட்டர் அளவில் தெளிக்கும்போது அதே 4 கிராமுக்குச் செறிவை இருபது மடங்கு கூட்டவேண்டும், துளிகளும் உச்சியிலேயே விழும். கைத்தெளிப்பானில் குழிக்கூம்பு நாசிலை வரிசைக்கு இடையில் தாழ்த்திப் பிடித்து, தூரின் அடியை நனைப்பதுதான் வழி. தெளிப்பதற்கு முன் தண்ணீரை வடித்து, இரண்டு நாள் இலையுறையை வெளியே தெரியவிடவேண்டும். வயல் விட்டு வயல் பாயும் ஏலாவில் ஒருவர் மட்டும் வடிக்க முடியாது. மேல் வயல்காரர் மடையைத் திறந்தால் இவர் வயல் நிறைந்துவிடும். கார்த்திகை மழையில் வடிகாலே எதிர்த்து ஏறும். மருந்து எதுவானாலும், மடைவாரியாகப் பேசி ஒரே நாளில் வடித்துத் தெளிக்காத ஏலாவில் இதைத் தொடங்கவேண்டாம் என்பது எங்கள் பார்வை.

தங்கும் நாள் அடுத்தது. பாதுகாப்பற்ற ஈரிழையை வெயிலின் புற ஊதாக் கதிரும், இலைமேல் நுண்ணுயிர்களின் நொதிகளும் சில நாளில் உடைத்துவிடும். மண்ணில் சேர்த்தால் இரண்டே நாளில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது என்பது மக்காச்சோள வேர்வண்டு ஆர்.என்.ஏ. ஆய்வில் தெரிந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்ல செய்தி. ஆனால் இதே காரணத்தால், மண்ணில் கிடக்கும் இழைமுடிச்சைத் தொளியிலேயே அடக்கலாம் என்ற யோசனை எடுபடாது.

தங்கும் நாளைக் கூட்ட ஆஸ்திரேலியாவில் களிமண் தகட்டுத் துகள்களில் ஈரிழையை ஏற்றினார்கள். 2017-ல் வெளியான ஆய்வில் ஒரே தெளிப்பு வைரஸுக்கு எதிராக 20 நாள் வரை காத்தது. எதிர்மின் ஏற்றமுள்ள ஆர்.என்.ஏ.-வை நேர்மின் ஏற்றமுள்ள தகடு பிடித்துவைத்து, ஈரமும் கரியமில வாயுவும் பட்டு மெல்ல விடுகிறது. தகடு முழுவதையும் பிடித்திருக்கிறதா என்பதை மின்னோட்டம் பாய்ச்சிய ஜெல்லில் பார்க்கலாம்: ஊற்றிய பள்ளத்திலிருந்து நகராமல் நின்றால் பிடித்திருக்கிறது. தகடு குறைந்து மிச்ச ஆர்.என்.ஏ. நகர்ந்தால் அந்தப் பங்கு முதல் மழைக்குப் போய்விடும். கலவையில் போர்டோ கலவை, சுண்ணாம்பு, தாமிர மருந்து எதையும் கூட்டக்கூடாது. காரத்தில் ஆர்.என்.ஏ. உடையும்.

நாள் தேர்வும் முக்கியம். புள்ளி கண்டபின் தெளிப்பது தாமதம். உறிஞ்சி, நறுக்கி, அடக்க ஓரிரண்டு நாள் வேண்டும், ஏற்கெனவே உருவான புரதமும் அதுவரை வேலை செய்யும். நட்ட 35-ஆம் நாளில் ஒன்று, பொதிப்பருவத்துக்கு முன் ஒன்று என்பதே பொருத்தமான கணக்கு. இடையில் நோய் மீறினால் ஹெக்சகோனசோல் 5 ஈசி லிட்டருக்கு 2 மில்லி, அல்லது வாலிடாமைசின் 3 எல் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லி என்று வழக்கமான மருந்துக்குத் திரும்பவேண்டியதுதான். தொளி கலக்கியதும் மூலையில் ஒதுங்கும் மிதப்புக் குப்பையை அரிப்பால் வாரி எடுத்து எரிப்பது செலவில்லாதது, முடிச்சு எண்ணிக்கையை முதலிலேயே குறைக்கும். சோதனை வயலிலும் இதை விடக்கூடாது.

நெல்லையே மாற்றினால்

இலையுறை, மழை என்ற இரண்டு இடைஞ்சலும் நெல்லுக்குள் ஈரிழை உருவானால் மறைந்துவிடும். முன்னோக்கு வரிசை, நடுவில் இன்ட்ரான் (இடைத்துண்டு), பின்னோக்கு வரிசை என்ற கொண்டையூசியை மக்காச்சோள யுபிகுவிட்டின் இயக்கியின் கீழ் அமைத்து, முதிர்ந்த விதையின் கேலஸில் (வளர்ப்புத் திசுவில்) அக்ரோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் வழியே செலுத்துவது பழகிய பாதை. இண்டிகா நெல் இரகங்களில் கேலஸிலிருந்து செடியாக மீள்வளர்ச்சி குறைவு, அதுதான் நேரத்தைத் தின்னும். எப்போதும் இயங்கும் இயக்கியைவிட, இலையுறையில் பூஞ்சணம் பட்டதும் இயங்கும் இயக்கி மேலானது. தலைமுறை கடக்கும்போது நெல்லே அந்தக் கொண்டையூசியை அடக்கிவிடுவதும் உண்டு. மூன்றாம் நான்காம் தலைமுறையிலும் சிறு ஆர்.என்.ஏ.-வை அளந்து பார்க்காத வரிசையை வயலுக்கு எடுக்கக்கூடாது.

சட்டம் வேறு கதை. இது அயல் வரிசை கொண்ட மரபணு மாற்றப் பயிர். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான 1989 விதிகளில் வரும், மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு வரை போகவேண்டும். 2022-ல் மரபணுத் திருத்தத்தின் சில வகைகளுக்குக் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது. தெளிப்பு மருந்தாக விற்கவேண்டுமென்றால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப் பதிவு வேண்டும். அனுமதியில்லாமல் ஏலாவில் தெளித்துப் பார்ப்பது கூடாது. வலைக்கூடம்வரை செய்யலாம், அதுவும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு அறிய.

மார்கழிப் பனியில் வரும் குலைநோய் இலையுறைக் கருகலுக்கு நேர் எதிர்நிலை. அதை உண்டாக்கும் மேக்னபோர்தே ஒரைசே என்னும் பூஞ்சணம் இலையையும் கதிர்க்கழுத்தையும் தாக்குகிறது, இரண்டும் தெளிப்பானுக்கு எட்டும் இடம், மழையும் அப்போது ஓயத் தொடங்கியிருக்கும். மோடெஸ்1 என்னும் மரபணுவுக்கான ஈரிழையைத் தெளித்த இந்திய ஆய்வு 2021-ல் பகுதி எதிர்ப்பைக் காட்டியது. முதல் திறந்தவெளிச் சோதனைக்கு இந்த மாவட்டத்தில் ஒரு நோயைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சேதம் இலையுறைக் கருகலில் கூடுதலாக இருந்தாலும் கழுத்துக் குலைநோயைத்தான் எடுப்போம்: கதிர் எட்டிப் பார்க்கும் நாளில் ஒரு தெளிப்பு, பத்து நாள் காப்பு, அதற்குப் பிறகு கழுத்து முற்றிவிடும்.